நோர்வூட் பாகும் ஆறுமுகத்தின் தாடியும்

கல்லூரியில் முப்பது வருடம் வேதியியல் நடத்தியிருக்கிறேன். படிகமாக்கல் பாடம் வரும்போதெல்லாம் எவனாவது ஒருவன் எழுந்து, "சார், நீங்க வெளிநாட்டுல இதே ஆராய்ச்சிதானே பண்ணீங்க, அந்த அனுபவத்தைச் சொல்லுங்க சார்" என்பான். நான் உடனே கடிகாரத்தைப் பார்ப்பேன். மணி அடிக்க அரைமணி நேரம் இருந்தாலும் பாடத்தை மூட்டை கட்டிவிடுவேன். இப்போது ஓய்வு பெற்றாயிற்று. இனி யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே ஒப்புக்கொள்கிறேன்: வெளிநாட்டில் நான் நிகழ்த்திய மகத்தான கண்டுபிடிப்பை, அதைக் காட்டிய இரண்டாவது நிமிடமே அங்கிருந்த அத்தனை பேரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

வெளிநாடு என்றதும் லண்டனையோ ஜெர்மனியையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். இலங்கைதான். ஐம்பதுகளின் நடுவில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு, ஹட்டனுக்கு அப்பால் நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்தது. எங்கள் தெருவிலிருந்து ஆராய்ச்சிக்காகக் கடல் கடக்கும் முதல் ஆள் நான். திருச்சி ஜங்ஷனில் மாலை போட்டு, போட்டோ எடுத்து, மாமா தன் கல்யாணக் கோட்டை எனக்கு மாட்டிவிட்டு அழுதே விட்டார். (கோட்டுக்காக அழுதாரா எனக்காக அழுதாரா என்று இன்றுவரை தெரியாது.) வெள்ளைக்காரர்களிடம் பேசுவதற்கென்று மூன்று மாதம் கண்ணாடி முன்னால் நின்று ஆங்கிலம் பழகியிருந்தேன். கப்பலில் வாந்தி எடுத்து முடிப்பதற்குள் கடல் முடிந்துவிட்டது. ஹட்டன் ஸ்டேஷனில் கோட்டும் சூட்டுமாக இறங்கினேன். பெட்டி தூக்க வந்தவர் கேட்டார்:

"வாங்கய்யா. ஊர்ல எந்தப் பக்கம்?"

"துறையூர்."

"அட, எங்க அப்பாருக்கும் துறையூருதான்! அங்கிட்டு மழை பேஞ்சிச்சா?"

பழகிய ஆங்கிலம் அத்தனையும் வீண். பின்னால் நின்ற என் மனைவி மரகதம், "இதுதான் வெளிநாடாங்க?" என்று கேட்டாள். கல்யாணமாகி ஆறு மாதம்தான். அப்போதே ஆரம்பித்துவிட்டாள்.

ஆராய்ச்சிக்கூடம் என்பது ஸ்டோரின் மேல்மாடி. (தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள்.) தலைமை விஞ்ஞானி கில்மோர், ஸ்காட்லாந்துக்காரர், சவரம் செய்து செய்து முகம் சிவந்த மனிதர். தேயிலைக் கொழுந்தில் அதுவரை யாரும் பிரித்தெடுக்காத ஒரு பொருள் இருக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. அதைப் பிரித்துப் படிகமாக்கித் தர வேண்டியது என் வேலை. வேதியியலில் ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்று மார்தட்ட வேண்டுமானால் அது கல் கல்லாகக் கண்ணில் தெரிய வேண்டும், கற்கண்டு மாதிரி. பாகாக வழிந்துகொண்டிருந்தால் எவனும் மதிக்க மாட்டான்.

என்னுடையது பதினொரு மாதமாகப் பாகாகவே இருந்தது.

பழுப்பு நிறத்தில், பிசுபிசுவென்று, நான் என்ன செய்தாலும் அசையாமல் கிடந்தது. பனிக்கட்டியில் வைத்தேன். சாராயத்தில் கரைத்தேன். கண்ணாடிக் குச்சியால் பாத்திரத்தின் உட்புறத்தைச் சுரண்டினேன். (இது உண்மையிலேயே ஒரு முறைதான், அந்தச் சத்தத்தில் பக்கத்து அறைக் கிளார்க்குக்குப் பல் கூசி, அவர் எழுத்து மூலம் புகார் கொடுத்தார்.) கடைசியில் கெஞ்சியும் பார்த்தேன். மரகதம் ஒருநாள் மதியச் சாப்பாடு கொண்டுவந்தபோது பாகைக் குச்சியால் தொட்டு விரலில் இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு கொதி விட்டா கம்பிப்பதம் வந்துரும்ங்க. இதுக்கா இம்புட்டுப் படிச்சீங்க?" என்றாள்.

அந்த ஆடி மாதம் நோர்வூட் மழை விடாமல் கொட்டியது. எனக்கு மூன்று மாதமாக ஜலதோஷம். ரசம் எது, சாம்பார் எது என்பதை நிறத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அந்த லட்சணத்தில் ஒருநாள் கில்மோர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அடுத்த புதன்கிழமை லண்டனிலிருந்து குழு வருகிறது. உங்கள் பெர்மிட் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதை நீட்டிக்க நான் கடிதம் தர வேண்டும். படிகம் ஒன்றும் இல்லாமல் என்னவென்று எழுதுவது, நீங்களே சொல்லுங்கள்."

பெர்மிட் இல்லாவிட்டால் இந்தியாக்காரன் இலங்கையில் ஒருநாள் தங்க முடியாது. பதினொரு மாதத்தில் மாமாவின் கோட்டோடு திருச்சி ஜங்ஷனில் இறங்க வேண்டும். மாலை போட்ட கைகளெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

என் முகத்தைப் பார்த்து மனம் இளகியோ என்னவோ, கில்மோர் டீயை ஊற்றிக்கொண்டே ஒரு கதை சொன்னார். அவர் படித்த இடத்தில் தாடி வைத்த கிழப் பேராசிரியர் ஒருவர் இருந்தாராம். எவனுடைய பாகாவது உறையாமல் அடம்பிடித்தால் அவர் போய்ப் பாத்திரத்தின் மேல் தாடியை ஒரு உதறு உதறுவாராம். நாற்பது வருட ஆராய்ச்சியின் படிகத் தூசி அந்தத் தாடியில் இருக்கிறதல்லவா, அதில் ஒரு துகள் விழுந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு முழுப் பாகும் படிகமாகிவிடுமாம். சொல்லிவிட்டு கில்மோர் கண்ணைச் சிமிட்டினார். நான் கண்ணைப் பார்க்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

தாடிக்கு எங்கே போவது? எனக்கு ஒரு மாதம் சவரம் செய்யாமல் விட்டாலும் பதினாறு முடி வரும். கில்மோரோ தினமும் மழிப்பவர். அப்போதுதான் என் கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்த ஆறுமுகம் திரும்பினார். நெஞ்சுவரை தாடி.

ஆறுமுகம் காலையில் ஸ்டோரில் தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடுவார், பிற்பகலில் எனக்கு உதவிக்கு வருவார். வயது நாற்பதுக்கு மேல். அவருடைய பசு காணாமல் போனபோது, கிடைத்தால் கதிர்காமத்தில் வந்து தாடியை இறக்குகிறேன் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டாராம். பசு நாலாம் நாளே திரும்பிவிட்டது. ஆனால் கதிர்காமத் திருவிழா ஆடியில்தானே? அதுவரை தாடி வளர்ந்துகொண்டிருந்தது. ஸ்டோரில் பறக்கும் தேயிலைத் தூசி அத்தனையும் அதில் அடைக்கலம்.

"ஆறுமுகம், ஒரு உதவி. உங்க தாடிய இந்தப் பாத்திரத்து மேல கொஞ்சம் உதறணும்."

அவர் தாடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"என்னங்கய்யா சொல்றீங்க! இது சாமி தாடி. ஒரு முடி விழுந்துச்சுன்னா அப்புறம் மாட்டுக்கு யாரு பதில் சொல்றது?"

"முடி வேணாம். தூசி போதும்."

"எதுக்குங்க?"

சொன்னேன். பாகு கல்லாகாவிட்டால் நானும் மரகதமும் மாதக் கடைசியில் கப்பல் ஏற வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஆறுமுகம் தாடியிலிருந்து கைகளை மெல்ல எடுத்தார். பாவம், மிக நல்ல மனிதர்.

"சரிங்கய்யா. ஆனா சாமி சொத்துல பங்கு கேட்டா சும்மா கேக்கக்கூடாது. நீங்களும் நேந்துக்கணும்."

"என்ன நேந்துக்கறது?"

"அதான் தலையில இம்புட்டு முடி வச்சிருக்கீங்களே."

விஞ்ஞானத்தில் முனைவர் பட்டம் பெற்ற நான், ஆராய்ச்சிக்கூடத்தில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, கிழக்கே பார்த்து நின்று, "முருகா, கல்லு வந்தா மொட்டை போட்டுக்கறேன்" என்று உரக்கச் சொன்னேன். மெதுவாகச் சொன்னால் செல்லாதாம்.

ஆறுமுகம் வாயை அலம்பிக்கொண்டு, பாத்திரத்தின் மேல் குனிந்து தாடியை உதறினார். கொஞ்சம் தேயிலைத் தூசி விழுந்தது. ஒரு நூல் விழுந்தது. அப்புறம் ஒரு பொரி விழுந்தது. அதை மட்டும் எடுத்துவிட்டேன். பாத்திரத்தை அடுப்புக் குழாய் ஓடும் வெதுவெதுப்பான சுவரோரம் வைத்து, மேலே மணி போன்ற பெரிய கண்ணாடி மூடியைக் கவிழ்க்கப்போகும்போது ஆறுமுகம் தடுத்தார்.

"ஐயா, வெறுமனே மூடாதீங்க. சாமி காவல் வேணும்." மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து, அதன் மேல் கட்டைவிரல் அளவு சூடத்தை வைத்தார். "கொளுத்த மாட்டேன், பயப்படாதீங்க. சும்மா இருக்கட்டும்."

சூடம் என்றால் கற்பூரம். மூடிய கண்ணாடிக்குள் சூடான இடத்தில் கற்பூரத்தை வைத்தால் என்ன ஆகும்? உருகாமல் நேராக ஆவியாகும், குளிர்ந்த பக்கத்தில் போய்ப் படிகமாக ஒட்டிக்கொள்ளும். இது பள்ளிக்கூடத்துப் பாடம். திருச்சியில் பையன்களுக்கு நானே செய்து காட்டியிருக்கிறேன். அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம், கொளுத்தாதவரை பரவாயில்லை என்பதுதான். மூடியின் விளிம்பில் மசகு தடவிக் காற்றுப் புகாமல் கவிழ்த்தேன். (எதில் கவனம் இருக்க வேண்டுமோ அதில் மட்டும் இல்லை.)

ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை. காலையில் வந்து பார்த்தால், கண்ணாடிக்குள் வெள்ளை வெளேரென்று படிகங்கள்! ஜன்னல் பக்கக் கண்ணாடியில், பாத்திரத்தின் விளிம்பில், பாகில் நட்டுவைத்த குச்சியின் மேல், எங்கே பார்த்தாலும் மினுமினுவென்று. என் கால் தரையில் நிற்கவில்லை. வெற்றிலை காலியாகக் கிடந்தது. சூடத்தை ஆறுமுகம் எடுத்துவிட்டார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். மூடியை மசகு போட்டு ஒட்டியவன் நான்தான், திறக்காமல் எப்படி எடுப்பார் என்று கேட்க அந்த நேரத்தில் மூளை ஊரில் இல்லை. கில்மோர் வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தொடாதீர்கள். நாளைக்கு அவர்கள் முன்னால் திறப்போம்" என்றார். நான் தபால் கந்தோருக்கு ஓடி, "கண்டுபிடித்துவிட்டேன்" என்று அப்பாவுக்குத் தந்தி கொடுத்தேன். ஊரில் சர்க்கரை வழங்கினார்களாம்.

புதன்கிழமை குழு வந்தது. மூன்று வெள்ளைக்காரர்கள். தலைவருக்கு வழுக்கைத் தலை, வாயில் அணையாத சுருட்டு. கதவோரம் எங்கள் ஆட்கள்: மொழிபெயர்ப்பதற்காக, ஸ்டோரை மேற்பார்க்கும் கண்டாக்கு செல்லையா, பல் கூசிய கிளார்க், ஆறுமுகம், டீத் தட்டோடு மரகதம். மாமாவின் கோட்டைப் போட்டிருந்த நான் மூடியை இரண்டு கையாலும் தூக்கினேன்.

ஜலதோஷத்தில் எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை; வெள்ளைக்காரர்களைச் சுருட்டுப் புகை சூழ்ந்திருந்தது. ஆனால் கதவோரத்தில் ஒரு மாற்றம். செல்லையா காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றினார். கிளார்க் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். என் கண்டுபிடிப்புக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குக் கண் கலங்கியது. மரகதம் மட்டும் புருவத்தை நெரித்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். பெருமையில் ஆட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"எரித்துப் பார்த்தீர்களா? சாம்பல் மிஞ்சுகிறதா?" என்றார் தலைவர் சுருட்டுப் புகைக்கு நடுவிலிருந்து. உப்பு கிப்பு கலந்திருந்தால் சாம்பல் நிற்கும், சுத்தமாக இருந்தால் நிற்காது. சரியான கேள்விதான். நான் ஒரு சின்னக் கரண்டியில் படிகங்களைச் சுரண்டி எடுத்து, நெருப்புக்குச்சியைக் கிழித்து வைத்தேன்.

குப்பென்று பிடித்தது. அழகான மஞ்சள் சுடர், மேலே கறுப்புப் புகை. பொட்டுச் சாம்பல் கிடையாது.

அந்த நேரம் பார்த்து ஸ்டோரில் கொழுந்து நிறுக்கும் மணி கணகணவென்று அடித்தது.

அவ்வளவுதான். "அரோகரா!" என்றார் செல்லையா. கிளார்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆறுமுகம் ஒரே எட்டில் வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கி, பாகுப் பாத்திரத்துக்கு மூன்று சுற்று காட்டினார். பிறகு வரிசையாக எல்லோருக்கும் நீட்டினார். எல்லோரும் சுடரில் கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். லண்டன் குழுத் தலைவர் நல்ல நாகரிகம் தெரிந்தவர்; இதுவும் பரிசோதனையின் ஒரு பகுதி என்று நினைத்து, அவரும் கையைக் காட்டி வழுக்கைத் தலையில் தடவிக்கொண்டார். இதெல்லாம் போகட்டும். கடைசியாகக் கரண்டி என் முன்னால் வந்தபோது, நான், முனைவர் பட்டம் பெற்ற நான், பக்தியோடு தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பழக்கதோஷம்!

"ஐயா, சொன்னா கோவிக்கக்கூடாது. இது நம்ம சூடம்ங்க. நான் வச்சதுதான்" என்றார் ஆறுமுகம்.

"என்ன சொல்கிறார்?" என்று தலைவர் கேட்டார்.

செல்லையா மொழிபெயர்ப்பில் ஒரு எழுத்தைக்கூட விடாதவர். "அந்தப் பொருள் கற்பூரம் என்கிறார். அவரே வாங்கிவந்து வைத்தாராம். கோயிலுக்கு எதிர்க் கடையில்."

கில்மோர் கரண்டியை மூக்கருகில் கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்து, "மூன்று வாரம் கப்பலில் வந்திருக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். அடியில் பாகு பழுப்பு நிறத்தில், பிசுபிசுவென்று, ஒன்றும் நடக்காத மாதிரி கிடந்தது.

குழு போனபிறகு கில்மோர் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம். "பெர்மிட் மாதக் கடைசிவரைதானே?" கடிதத்தைக் கேட்க வாய் வேண்டுமே. வீட்டுக்குப் போனால் மரகதம் ஏற்கெனவே பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு வாசனை தெரிஞ்சுச்சுதானே? முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"வெள்ளைக்காரங்க தேயிலையிலயிருந்து சூடம் எடுக்கச் சொல்லியிருக்காங்க போலன்னு நெனச்சேன். எனக்கென்னங்க தெரியும்?"

இந்தத் துக்கத்துக்கு நடுவில் வாசலில் ஆறுமுகம் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் பெருந்தன்மையாக எழுந்தேன்.

"ஐயா, வெள்ளிக்கிழமை கதிர்காமத்துக்குப் பொறப்படுறோம். நீங்களும் வந்துருங்க. மொட்டை பாக்கி இருக்குல்ல."

"யோவ்! எனக்கு எங்கய்யா கல்லு வந்துச்சு?"

"வந்துச்சே. வெள்ளைக்காரங்க மூணு பேரு கண்ணால பாத்தாங்களே. 'கல்லு வந்தா'ன்னுதான் நேந்துக்கிட்டீங்க. என்ன கல்லுன்னு நீங்க சொல்லலியே. முருகனுக்கு என்னங்கய்யா தெரியும், வந்த கல்லக் குடுத்துட்டாரு."

நான் மரகதத்தைப் பார்த்தேன். "அவரு சொல்றது நியாயந்தானேங்க" என்றாள்.

விடிய விடிய பஸ்ஸில் குலுங்கிப் போனோம். மாணிக்க கங்கைக் கரையில் ஆறுமுகத்தின் தாடி போயிற்று. (உள்ளே முகம் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.) பக்கத்துப் பலகையில் என் முடி போயிற்று. வேலை போய், மானம் போய், இப்போது தலையும் போகிறதே என்று நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது. நாவிதர் கத்தி பட்டுவிட்டதோ என்று பயந்து கையை எடுத்தார்.

திங்கட்கிழமை சாவியை ஒப்படைக்கக் கில்மோர் அறைக்குப் போனேன். தலையில் சந்தனம் பூசியிருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார், பேனாவைக் கீழே வைத்தார்.

"வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா?"

"இல்லை. வேண்டுதல்."

"எதற்கு?"

மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது? தாடியில் ஆரம்பித்துச் சொன்னேன். அவர் கதையை நான் நோட்டில் எழுதிவைத்தேன் என்ற இடத்தில் அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பொரி விழுந்த இடத்தில் கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"ஆனால் உங்களுக்கு வந்தது தவறான படிகம். பிறகும் ஏன் முடியைக் கொடுத்தீர்கள்?"

"கேட்கும்போது எந்தப் பொருளின் படிகம் என்று நான் குறிப்பிடவில்லை. பிழை என்னுடையது. முருகன் தன் பக்கத்தைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்."

கில்மோர் சிரித்த சிரிப்பில் கிளார்க் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். "என்னிடம் வேலை பார்த்தவர்களில் எத்தனையோ பேர் முடிவு தப்பானதும் பாத்திரத்தைக் குறை சொன்னார்கள், தராசைக் குறை சொன்னார்கள், ஒருவன் மழையைக்கூடக் குறை சொன்னான். தன் பிழைக்குத் தலையைக் கொடுத்தவர் நீங்கள் ஒருவர்தான். இன்னும் ஒரு வருடம் இருங்கள். பாகைத் தொட வேண்டாம். வேறு வேலை தருகிறேன்."

அந்த வேறு வேலை உருப்படியாக நடந்தது. அதை வைத்துத்தான் பிறகு ஊரில் கல்லூரி வேலையே கிடைத்தது. பாகு எனக்குத் தெரிந்தவரை இன்னும் உறையவில்லை.

கடிதத்தோடு பெர்மிட்டை நீட்டிக்கக் கொழும்புக்கு ஓடினேன். இரண்டே நாள் அவகாசம். புதிதாக எடுத்த போட்டோ வேண்டும் என்றார்கள். முடி வளரும்வரை பெர்மிட் காத்திருக்குமா? எதிரே இருந்த போட்டோக் கடைக்குப் போய், அப்போதிருந்த கோலத்திலேயே எடுத்துக்கொண்டு வந்தேன். அதிகாரி பழைய போட்டோவையும் புதியதையும் அருகருகே வைத்து, என்னைப் பார்த்து, மறுபடி போட்டோவைப் பார்த்து, "மே கவுத?" (யார் இது?) என்று சிங்களத்தில் கேட்டார். நான்தான் என்று நிரூபிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

அந்த இரண்டு போட்டோக்களையும் பெர்மிட் காலாவதியானதும் மரகதம் பிய்த்தெடுத்து, ஒரே சட்டத்தில் மாட்டி, கூடத்தில் தொங்கவிட்டிருக்கிறாள். இடப்பக்கம் கோட்டு, சுருள்முடி, உலகத்தை வெல்லப்போகிற பார்வை. வலப்பக்கம் அதே கோட்டு, மொட்டை, சந்தனம், மூக்கடைப்பு. வீட்டுக்கு வருகிற ஒருத்தர் விடாமல் அதைப் பார்த்து யார் என்று கேட்கிறார்கள். பேரக் குழந்தைகள் முந்திக்கொண்டு விரலால் தொட்டுக் காட்டுகிறார்கள், மரகதம் சொல்லிக்கொடுத்த அதே ராகத்தில்:

"இது எங்க தாத்தா, ஆராய்ச்சிக்கு முன்னாடி. இது எங்க தாத்தா, ஆராய்ச்சிக்குப் பின்னாடி."